கிறிஸ்துமஸ் டின்னரா? எங்க ஊர்ல அது மதியச் சாப்பாடுங்க!

டிசம்பர் பிறந்தா போதும், புதுச்சேரியைப் பத்தி ஒரே அச்சுல வார்த்த மாதிரி கட்டுரைகள் வர ஆரம்பிச்சுடும். மஞ்சள் சுவர், காகிதப்பூ கொடி, கடற்கரைச் சாலை, மெழுகுவர்த்தி வெளிச்சத்துல ஒரு மேஜை. "பிரெஞ்சு மணம் கமழும் கிறிஸ்துமஸ் டின்னர்"னு தலைப்பு. வான்கோழி ரோஸ்ட், பிளம் கேக், ஒயின். தலைக்கு இவ்வளவு, வரி தனி. இதையெல்லாம் படிக்கிற வெளியூர்க்காரங்க, புதுச்சேரி கிறிஸ்தவங்க எல்லாரும் 24-ஆம் தேதி ராத்திரி முள்கரண்டியும் கையுமாத்தான் உட்கார்ந்திருப்பாங்கன்னு நம்பிடறாங்க. கூடப் படிக்கிற ரெண்டு பேர் என்கிட்டயே கேட்டாச்சு, "உங்க வீட்டுல டர்க்கி உண்டா?"ன்னு.

இல்லீங்க. வான்கோழி இல்ல, டின்னரும் இல்ல. அந்த ரெண்டு பேருக்கும் சேர்த்து இங்கயே பதில் எழுதிடறேன். ஆனா அதோட நிறுத்தப் போறதில்ல. எங்க ஊர்க்காரங்களுக்கும், குறிப்பா எங்க ஊர் ஆம்பளைங்களுக்கும், கொஞ்சம் பாக்கி இருக்கு. அதையும் தீர்த்துடலாம் :-)

முதல்ல ஒரு பூகோளப் பாடம். புதுச்சேரிப் பகுதியில ரெண்டு நகராட்சி இருக்கு, புதுச்சேரியும் உழவர்கரையும். மிச்சம் அஞ்சும் கொம்யூன் பஞ்சாயத்து. வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு. கொம்யூன்ங்கிற பேரு பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போனது. உள்ள இருக்கிறது நெல்லு, கரும்பு, ஏரி, செங்கல் சூளை. வில்லியனூர்ல திருக்காமீஸ்வரர் கோயிலும் இருக்கு, 1870-கள்ல கட்டின லூர்து மாதா கோயிலும் இருக்கு, மாதா கோயிலுக்கு எதிரிலேயே ஒரு குளமும் இருக்கு. பாகூர்ல பெரிய ஏரி, மூலநாதர் கோயில், சுத்தி வயக்காடு. இந்த ரெண்டு கொம்யூன் கிராமங்கள்லயும் கிறிஸ்தவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா இருக்காங்க. அவங்க கொண்டாடுறதும் புதுச்சேரி கிறிஸ்துமஸ்தான். அதை எந்தப் பத்திரிகையும் படம் எடுக்கிறதில்ல, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நாலே கேள்வி.

1. எப்போ சாப்பிடுறது?

24-ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு இறைச்சியோட விருந்து வைக்கிறதை "பாரம்பரிய கிறிஸ்துமஸ் டின்னர்"னு விக்கிறாங்க பாருங்க, அதுல ஒரு வேடிக்கை இருக்கு. கத்தோலிக்கத் திருச்சபையோட 1917-ஆம் வருஷச் சட்டத் தொகுப்புப்படி கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒருசந்தி, சுத்தபோசனம். அதாவது வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது, கறியைத் தொடவே கூடாது. 1966-ல ஆறாம் சின்னப்பர் போப்பா இருந்தப்போதான் அந்தச் சட்டம் தளர்ந்துச்சு. போலந்துல இன்னிக்கும் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி கறி இல்லாம கெண்டை மீனோட சாப்பிடுறதுக்கு இதுதான் காரணம். பிரெஞ்சுக்காரங்களே 'ரெவெயோன்'னு ஒரு விருந்து வெச்சாங்களே, அதுவும் பழைய வழக்கப்படி நடுச்சாமப் பூசை முடிஞ்சு வந்த பிறகுதான்.

ஆக, எங்க ஆயா காலத்துப் பழக்கம் ரொம்பத் தெளிவு. 24-ஆம் தேதி சாயங்காலம் எளிமையா ஏதோ சாப்பாடு. ராத்திரி குளிச்சுப் புதுத்துணி போட்டுக்கிட்டுப் பூசைக்குப் போறது. ஒண்ணரை மணிக்குத் திரும்பி வந்து ஒரு துண்டு கேக்கு, ஒரு தம்ளர் டீ. விடிஞ்சதும் இட்லியும் கறிக்கொழம்பும். மதியம் பிரியாணி. ராத்திரிக்கு மிச்சம் மீதி. விருந்தோட உச்சி மதியம் ஒரு மணி. வெளிச்சத்துல, வாசல் திறந்து, வர்றவங்க போறவங்க எல்லாரும் பாக்கிற நேரத்துல சாப்பிடுற சாப்பாடு அது. மெழுகுவர்த்தி தேவைப்படாது.

2. என்ன சாப்பிடுறது?

"ஆனா பிரியாணி எப்படிங்க கிறிஸ்துமஸ் சாப்பாடாகும்? அது உங்க சொந்தச் சமையல் இல்லையே"ன்னு ஒரு கோஷ்டி கேக்கும். இவங்களைத்தான் நான் தேடிக்கிட்டு இருந்தேன்.

வான்கோழி யாரோட சொந்தம்? மெக்சிகோப் பக்கத்துப் பறவை. 16-ஆம் நூற்றாண்டுல ஸ்பெயின்காரங்க ஐரோப்பாவுக்குக் கொண்டு போனது. இங்கிலாந்துல பல காலம் ஏழை வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு வாத்துதான். 1843-ல டிக்கன்ஸ் எழுதின கிறிஸ்துமஸ் கதையிலயே அந்த ஏழைக் குடும்பம் தங்களுக்குன்னு வெச்சிருந்தது வாத்து. வான்கோழி பணக்காரர் வாங்கி அனுப்புறது. ஜப்பான்ல 1974-ல ஒரு வறுத்த கோழிக் கம்பெனி செஞ்ச விளம்பரத்தால இன்னிக்கு வரைக்கும் கிறிஸ்துமஸுன்னா பொட்டலக் கோழிதான். நம்ம பக்கத்துக்கு வாங்க. தலச்சேரியில மாம்பள்ளி பாபுன்னு ஒரு பேக்கரிக்காரர் 1883-ல மர்டோக் பிரவுன்ங்கிற வெள்ளைக்காரத் தோட்டக்காரருக்குச் செஞ்சு கொடுத்ததைத்தான் இந்தியாவோட முதல் கிறிஸ்துமஸ் கேக்குன்னு சொல்றாங்க. புதுச்சேரி டவுனுக்குன்னே ஒரு கிறிஸ்துமஸ் கேக் இருக்கு, பேரு 'விவிக்கம்'. ரம்முல ஊறின உலர்பழம் போட்டுச் செய்யறது. அதுக்கு மாவு எது தெரியுமா? ரவை! உப்புமா கிண்டுற அதே ரவை.

ஆக, உலகம் பூராவும் கிறிஸ்துமஸ் சாப்பாடு ஒரே விதியிலதான் உருவாகியிருக்கு. அந்த ஊர்ல எது வருஷம் பூரா எட்டாக்கனியோ அதை அன்னிக்கு ஒரு நாள் சமைக்கிறது. எங்க கிராமங்கள்ல அது ஆட்டுக்கறி.

எங்க தட்டுல இருக்கிறதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்க. அதிரசமும் முறுக்கும் சோமாஸும் தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுல சுடுறதுதான். பிரியாணி முஸ்லிம் கல்யாண வீட்டு டேக்சாவுல இருந்து வந்தது, வில்லியனூருக்குப் பக்கத்துலயே சுல்தான்பேட்டை இருக்கு, வாசனை பிடிச்சுக்கிட்டுப் போய்க் கத்துக்கலாம். அதுல போடுற மிளகாயும் தக்காளியும் வான்கோழி வந்த அதே அமெரிக்கக் கண்டத்துல இருந்து கப்பல் ஏறி வந்தது. இதுல 'சொந்தம்' எது, 'இரவல்' எதுன்னு பிரிச்சுக் காட்டுறவங்களுக்கு ஒரு அதிரசம் இனாம்.

இன்னொரு விஷயம். "கிராமத்துக் கிறிஸ்துமஸ் எவ்வளவு எளிமை, எவ்வளவு அழகு"ன்னு உருகுறவங்க கவனத்துக்கு. நடவுக்கும் களைக்கும் போற ஒரு அம்மாவோட ஒரு நாள் கூலிக்கு ஒரு கிலோ ஆட்டுக்கறி வராது. அந்த எளிமை யாரும் ஆசைப்பட்டு எடுத்துக்கிட்டது இல்ல. டிசம்பர்ங்கிறது வடகிழக்குப் பருவமழை முடியுற நேரம், வயல் தப்பிச்சதா இல்லையான்னு தெரியுற நேரம். 2024 நவம்பர் 30-ல ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, ரெண்டு நாள்ல தென்பெண்ணையில வெள்ளம் வந்து, பாகூர் பக்கம் வயலும் வீடும் தண்ணியில நின்னுச்சு. அதுக்கு மூணு வாரம் கழிச்சுக் கிறிஸ்துமஸ். அந்த வருஷமும் வீடுகள்ல அடுப்பு எரிஞ்சுது. ஆட்டுக்கறி இல்லாத இடத்துல கோழி, கோழியும் முடியாத இடத்துல முட்டைக் கொழம்பு. அதைப் பாத்துட்டு "அடடா, எளிமை"ன்னு சொல்றவங்களுக்கு என்ன சொல்றது? கூலியை ஏத்திக் கொடுங்க, நாங்களும் ஆடம்பரமாக் கொண்டாடிக் காட்டுறோம்.

3. யார் சமைக்கிறது?

இது வரைக்கும் விசில் அடிச்ச எங்க ஊர் அண்ணன்மாருங்களே, இனிமேதான் உங்களுக்கு!

மேல எழுதின நேர அட்டவணையை இன்னொரு தடவை படிங்க. இப்போ அதே அட்டவணையை அடுப்படியில நின்னுக்கிட்டுப் படிங்க. 24-ஆம் தேதி காலையில வீடு கழுவணும். மதியம் இட்லிக்கு அரைக்கணும். சாயங்காலம் வரைக்கும் மிச்சப் பலகாரம். ராத்திரி பிள்ளைங்களைக் கிளப்பிக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும். ஒண்ணரைக்கு வந்து டீ போடணும். எல்லாரும் படுத்தப்புறம் படுத்து, அஞ்சு மணிக்கு எழுந்து கறிக்கொழம்பு வைக்கணும். ஒன்பது மணிக்கு வர்ற சொந்தக்காரங்களுக்கு இட்லி ஊத்திக்கிட்டே இருக்கணும். பத்து மணிக்குப் பிரியாணிக்கு வெங்காயம். ஒரு மணிக்குப் பந்தி. ஆம்பளைங்க முதல் பந்தி, பிள்ளைங்க ரெண்டாம் பந்தி. அம்மா சாப்பிடும்போது மணி மூணரை. தட்டுல இருக்கிறது அடிப்பிடிச்ச குஸ்காவும் ரெண்டு எலும்பும்.

எங்க கொம்யூன்ல எல்லா வீட்டுலயும் இப்படித்தான்னு சொல்ல மாட்டேன். பெரும்பாலான வீட்டுல இப்படித்தான்னு சொன்னா யாரும் சண்டைக்கு வர மாட்டீங்கன்னு தெரியும். இது எங்க ஊர் வியாதி மட்டும் இல்ல. மத்திய அரசு 2019-ல நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு அதைச் செய்யுற பெண்கள் ஒரு நாளைக்குச் செலவு பண்றது 299 நிமிஷம், செய்யுற ஆண்கள் 97 நிமிஷம். அதுவும் அந்த 97 நிமிஷக் கணக்கு ஏதோ ஒரு வேலையாவது செஞ்ச ஆம்பளைங்களோட கணக்கு. ஒரு துரும்பையும் நகர்த்தாத கூட்டம் இதுல வரவே வராது. 2024-ல திரும்ப எடுத்தாங்க, 289-க்கு 88. அதாவது அஞ்சு வருஷத்துல அம்மாவுக்குப் பத்து நிமிஷம் குறைஞ்சுது, அப்பாவுக்கும் ஒன்பது நிமிஷம் குறைஞ்சுது. என்ன ஒரு ஒற்றுமை!

இதுக்கு வழக்கமா மூணு பதில் வரும்.

முதல் பதில்: "எங்களுக்குச் சமைக்கத் தெரியாதுப்பா." பொய். பங்குத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் முந்நூறு பேர் பிரியாணியை விறகு அடுப்புல ஏத்தி இறக்குறது யாரு? ஆம்பளைங்க. வெங்காயம் நறுக்குறது, கறி கழுவுறது, தம் போடுறது, எல்லாம் அவங்கதான். எந்த அரிசிக்கு எவ்வளவு தண்ணின்னு விரலை விட்டுப் பாத்துச் சொல்லுவாங்க. அதே கை வீட்டு வாசப்படி ஏறினதும் எப்படிங்க மறந்து போகும்? ஊரே பாத்துப் பாராட்டுற சமையலுக்குக் கை வருது, யாரும் பாக்காத சமையலுக்கு வரல.

ரெண்டாவது பதில்: "அம்மாவுக்குச் சமைக்கிறதுல ஒரு சந்தோஷம்." இருக்கலாம். சமையல்ல சந்தோஷம் உண்டுன்னு நானும் ஒத்துக்கறேன், மசாலா வதங்குற வாசனைக்கு எதுவும் ஈடில்ல. ஆனா சந்தோஷமான வேலையா இருந்தா அதை ஒருத்தரே ஏன் வெச்சுக்கணும்? பங்கு போட்டுக்கலாமே. அப்புறம், அந்தச் சந்தோஷத்தை நாம அம்மாகிட்ட எப்பவாவது கேட்டு எழுதிக்கிட்டோமா, இல்ல நமக்கு வசதியா இருக்குன்னு நாமளே எழுதிக்கிட்டோமா?

மூணாவது பதில்: "அப்போ கடையில வாங்கிடலாம், பக்கெட் பிரியாணி." இது இந்தக் காலத்துப் புத்திசாலிங்க சொல்றது. அம்மா காய்ச்சல்ல படுத்திருந்தா தாராளமா வாங்குங்க, ஒரு குத்தமும் இல்ல. ஆனா அதையே தீர்வுன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். ஒண்ணு, கடையில அதைக் கிண்டுறவருக்கும் அன்னிக்குப் பண்டிகையா இருக்கலாம். ரெண்டு, வீட்டுல பொங்குனாத்தான் கூடுதலா ரெண்டு பேர் வந்தாலும் உட்காருன்னு சொல்ல முடியும். கடைப் பொட்டலத்துல ஆளுக்கு இவ்வளவுன்னு அளந்துதான் வரும். வீட்டுச் சமையலை விட்டுடணும்னு நான் கேக்கல. இன்னும் நாலு கை சேரணும்னு கேக்கறேன்.

4. யாரோட சாப்பிடுறது?

கிறிஸ்துமஸ் அன்னிக்கு எங்க ஊர்ல பலகாரத் தட்டு தெருத்தெருவாப் போகும். அதிரசம், முறுக்கு, ஒரு வாழைப்பழம், மேல ஒரு துண்டு கேக்கு, பூப்போட்ட துணி மூடி. பொங்கலுக்கு அந்தத் தட்டு கரும்போடயும் வாழைப்பழத்தோடயும் திரும்பி வரும். இது உண்மையிலேயே நல்ல பழக்கம். இதைப் படம் பிடிச்சு "மத நல்லிணக்கம்"னு போடுறதுலயும் எனக்கு ஆட்சேபணை இல்ல.

ஆனா முறுக்குத் தட்டைத் தாண்டிப் பிரியாணித் தட்டுக்கு வரும்போது கதை மாறுது. சைவம் சாப்பிடுறவங்களை நான் சொல்லல, அவங்க எந்த வீட்டுலயும் கறி சாப்பிட மாட்டாங்க, அதுல நியாயம் இருக்கு. நான் சொல்றது வேற ஆளு. ஞாயித்துக்கிழமை தவறாம கடை பிரியாணி வாங்குறவரு. அதை யார் சமைச்சாங்க, எந்தத் தெருன்னு அவரு கேட்டதே இல்ல. காலனி வீட்டுல இருந்து கிறிஸ்துமஸ் பிரியாணின்னா மட்டும் "இன்னிக்கு வயிறு சரியில்ல தம்பி"ம்பாரு. அது எப்படிங்க வருஷா வருஷம் டிசம்பர் 25-ஆம் தேதி பாத்து வயிறு கெட்டுப் போகுது?

இதுல இந்துக்களை மட்டும் திட்டிட்டு நான் தப்பிச்சுக்க முடியாது. எங்க கிறிஸ்தவ வீடுகளுக்குள்ளயே இது இருக்கு. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்புல 1745 அக்டோபர்ல ஒரு விஷயம் எழுதி வெச்சிருக்காரு. புதுச்சேரி சம்பா கோயிலுக்கு உள்ளயே சாதிக் கிறிஸ்தவங்களையும் பறையர் கிறிஸ்தவங்களையும் பிரிச்சு ஒரு சுவர் இருந்தது. சேரிக் கிறிஸ்தவங்க எல்லாரும் சேர்ந்து போய்க் குருவானவர்கிட்ட நியாயம் கேட்டாங்க. சுவர் இடிக்கப்பட்டது. கவனிங்க, கேட்டது யாரு? எந்த அரசாங்கமும் இல்ல, எந்தச் சட்டமும் இல்ல. அந்தச் சனங்களே.

ஆச்சு, 280 வருஷம். கோயில் சுவர் போயிடுச்சு. பந்திச் சுவர்? ஒரே மாதா, ஒரே பூசை, ஒரே பாடற்குழு, ஆனா பூசை முடிஞ்சு ஊர்த்தெரு ஊர்த்தெருவுக்கும் காலனி காலனிக்கும் போய்த் தனித்தனியாத்தானே சாப்பிடுது? சட்டத்தையும் பாருங்க. 1964-ல புதுச்சேரிக்குன்னு போட்ட பட்டியல் சாதிகள் ஆணை, கிறிஸ்தவராயிட்டா அந்த ஆளைப் பட்டியல் சாதியாக் கணக்குல எடுக்காது. ஞானஸ்நானத் தண்ணி பட்டதும் சாதி கரைஞ்சுடும்ங்கிற மாதிரி ஒரு நம்பிக்கை. கரையலங்க. கரைஞ்சிருந்தா எல்லா வீட்டுப் பிரியாணியும் எல்லா வீட்டுக்குள்ளயும் போயிருக்கும். சலுகைக்குப் போனா "உனக்குச் சாதி இல்ல", சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா "உனக்குச் சாதி இருக்கு". ரெண்டு பக்கமும் அடி வாங்குறது ஒரே ஆளு.

தீவனத்தொட்டியில பிறந்த குழந்தைக்குக் குடில் கட்டி, தூங்காம நட்சத்திரம் தொங்க விட்டு, அப்புறம் யார் வீட்டுல கை நனைக்கலாம்னு கணக்குப் பாக்கிறோமே, குடிலை எதுக்குக் கட்டினோம்?

சரி, என்னதான் பண்ணச் சொல்ற?

திட்டிட்டு மட்டும் போனா மொக்கைப் பதிவு ஆயிடும். அதனால வர்ற கிறிஸ்துமஸுக்கு அஞ்சு யோசனை. காசு அதிகம் ஆகாது.

ஒண்ணு, 24-ஆம் தேதி சாயங்காலமே வெங்காயம், இஞ்சி, பூண்டு வேலை முழுக்க வீட்டு ஆம்பளைங்களோடது. நட்சத்திரத்துக்கு லைட்டு கட்டுறது வேலைக் கணக்குல வராது.

ரெண்டு, பிரியாணி அடுப்பு வாசலுக்கு வரணும். மூணு கல்லு, விறகு, டேக்சா. திருவிழாவுல கிண்டுற அண்ணன்மாருங்க வீட்டு வாசல்லயும் கிண்டட்டும். தெரு பாக்கும், பாராட்டும் கிடைக்கும் :-)

மூணு, காலை இட்லி - கறிக்கொழம்பு, மதியம் பிரியாணி - தால்சா, ரெண்டுல ஒண்ணு போதும். முடியலன்னா காலையில பூசை முடிஞ்ச கேக்கும் டீயுமே பலகாரம். யாரும் மெலிஞ்சுட மாட்டாங்க.

நாலு, சமைச்சவங்க முதல் பந்தி. சாப்பிட்டவங்க அவங்கவங்க தட்டைக் கழுவணும். விருந்தாளிக்கும் இதே சட்டம்.

அஞ்சு, இது வரைக்கும் கை நனைக்காத ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடுங்க. தட்டு அனுப்புறது சுலபம், வாங்கி வெச்சுட்டு யாருக்கும் தெரியாம மாட்டுக்குக் கூடக் கொட்டலாம். ஆனா ஒருத்தர் வீட்டுப் பாயில உட்கார்ந்து, அவங்க போட்டதைச் சாப்பிட்டு, "இன்னும் கொஞ்சம் தால்சா ஊத்துங்க அக்கா"ன்னு கேக்கிறதை ஏமாத்த முடியாது.

இந்த அஞ்சாவதுக்குத்தான் அதிக எதிர்ப்பு வரும்னு தெரியும். வெங்காயம் நறுக்கச் சம்மதிக்கிறவங்க கூட இதுக்கு "அதெல்லாம் அப்புறம் பாக்கலாம்"பாங்க. 1745-ல குருவானவர்கிட்டப் போனவங்க அப்புறம் பாக்கலாம்னு இருந்திருந்தா அந்தச் சுவர் எப்போ விழுந்திருக்கும்?

டிஸ்கி: "உன் வீட்டுல நீ வெங்காயம் நறுக்குறியா?"ன்னு கேக்கப் போறவங்களுக்கு: ரெண்டு கிலோ, போன வருஷம். கண்ணுல தண்ணி வந்தது, ஆனா உயிர் போகல.